பேர் வரும் இடம்

ஞானசுந்தரி ஈரத்துணியின் நுனியை முறுக்கி முறுக்கி மகனின் காதுக்குள் அடைத்திருந்த கல்தூசியை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுக்க எடுக்க வந்தது. முகத்தைத் துடைத்தாயிற்று, கழுத்தைத் துடைத்தாயிற்று. கல் விழுந்து நசுங்கிய நெஞ்சை மட்டும் யாரும் பார்க்க வேண்டாம் என்று புது வேட்டியால் இறுக்கி மூடிவிட்டார்கள். காதுதான் பாக்கி. சின்ன வயதில் இந்தக் காதைத் துடைக்க விட்டிருப்பானா? கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்வான் படவா. இன்று பேசாமல் காட்டிக்கொண்டு கிடந்தான்.

இன்பராஜ் கல்யாணமாகிக் குடியிருந்த அந்த மூங்கில் தட்டி வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான். இரண்டு வருஷமாக, சுரங்கக் கூலிக்காரர் லைனில் நாலு வீடு தள்ளி மகன் இருந்தான். அவள் எட்டிப் பார்த்ததில்லை. கடைசியில் பிணத்தைக் கழுவ வந்திருந்தாள். இந்தப் பெருமைக்குத்தானா பெற்றோம்?

சுற்றிலும் மாதா கோயில் பெண்கள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மாதாவைக் கும்பிடாத மிஷன் கோயில்காரி. மணி உருட்டும் ஜெபம் அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் நடுநடுவே அவர்கள் மகனின் பேரைச் சொன்னார்கள். சொல்லும்போதெல்லாம் அவள் கை நின்று நின்று போயிற்று. எவ்வளவு நாளாயிற்று ஜெபத்தில் அந்தப் பேரைக் கேட்டு.

மருமகள் மரியகுழந்தை வயிற்றுப் பாரத்தைத் தாங்க முடியாமல் தட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். மாமியாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்லச் சொன்னாள்.

"தெனம் ஷிப்டுக்குப் போறதுக்கு முன்ன உங்க வீட்டாண்டதான் வருவாரு அத்த."

"தெரியும்மா."

தெரியும்தான். விளக்கு வைத்து வீட்டில் முழங்கால் போட்டிருக்கும் நேரத்தில் தட்டிக்கு அந்தப்புறம் ஒரு இருமல் கேட்கும். பெற்றவளுக்கு அந்த இருமல் தெரியாதா? அவன் சாய்ந்து சாய்ந்து அந்த இடத்தில் தட்டியே உள்வாங்கிப் போயிருந்தது. வீட்டு ஞாபகத்தில் வருகிறான், தங்கச்சி குரலைக் கேட்டுவிட்டுப் போகிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். புருஷனிடம் மூச்சு விட்டதில்லை. சொன்னால் அந்த வரத்தும் நின்றுவிடும் என்ற பயம்.

"எதுக்கு வந்தாருன்னு தெரியுமா? மாமா ஜெபத்துல அவரு பேரு வருதான்னு கேக்க. திரும்பி வந்து சோத்துல கை வைப்பாரு. இன்னிக்கும் இல்லன்னுவாரு. நேத்தும் அதேதான் சொன்னாரு. சொல்லிட்டு எறங்கிப் போனாரு."

ஞானசுந்தரியின் கையிலிருந்த துணி நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் புருஷன் ஜெயகரன் மேஸ்திரி வீட்டு ஜெபம் என்றால் அந்த லைனுக்கே தெரியும். சுரங்கத்துக்குள் கல் சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கும் கூட்டத்துக்கு அவர் மேஸ்திரி. வேலூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து, குடிக்காமல், யாரிடமும் கை நீட்டாமல் மேலே வந்த மனிதர். எல்லாம் ஜெபத்தால் வந்தது என்பார். சாயங்காலம் விளக்கு வைத்ததும் கதவைச் சாத்திப் பாயை விரிப்பார். அவர் ஆமென் சொல்லும் வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, சோற்றுப் பானையைத் தொடக் கூடாது. ஒரு நாள் கஞ்சி பொங்கி அடுப்பே அணைந்தது. அப்போதும் யாரும் அசையவில்லை. பிளேக் வந்த வருஷம் சோதனை போட வந்த கம்பெனி ஆட்கள் கதவை இடிஇடியென்று இடித்தார்கள். ஆமென் சொன்ன பிறகுதான் திறந்தார்.

ஜெபத்தின் கடைசியில் பிள்ளைகளின் பேர் வரும். பிறந்த வரிசைப்படி, ஒவ்வொரு பேராக, ஆசீர்வதியும் ஆண்டவரே என்று வரும். ரூபவதி, இன்பராஜ், ஃப்ளோரா. ரூபவதி கட்டிக்கொண்டு ஆம்பூருக்குப் போன பிறகும் அவள் பேர் நிற்கவில்லை. இன்பராஜ் மாதா கோயிலில் போய் மரியகுழந்தையைக் கட்டிக்கொண்ட அன்றைக்குத்தான் ஒரு பேர் நின்றது. அவளை விட்டுவிட்டு இந்தப் பாயில் வந்து முழங்கால் போடட்டும், அப்போது சொல்கிறேன் என்றார் மேஸ்திரி. மறுநாள் ரூபவதிக்குப் பிறகு ஃப்ளோரா வந்தாள். முதல் சில நாள் நாக்கு தடுக்கியது. பிறகு பழகிவிட்டது.

அந்த மனிதர்தான் இன்று விடியற்காலம் சுரங்கத்தில் அபாயச் சங்கு ஊதியதும் ஓடினார். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி, சரிந்த இடத்தில் தன் கையாலேயே முட்டுக் கொடுத்து, கல்லைப் புரட்டி மகனை இழுத்தார்.

மத்தியானம் சுரங்கத்து மண்ணைக் கொட்டிய மேட்டுக்கு அந்தண்டை இருக்கும் மாதா கோயில் கல்லறையில் அடக்கம் நடந்தது. சாமியார் பூசை வைக்க, ஜெயகரன் சுவருக்கு வெளியிலேயே வெயிலில் நின்றார். குழி மூடும்போது மட்டும் உள்ளே வந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார். ஞானசுந்தரி மருமகளின் தோளைத் தொட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வா என்று சொன்னாள். அந்தப் பெண் திகைத்துப் பார்த்தது.

வீட்டுக்கு வந்தபோது அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரச்சிராய் ஏறி இரண்டு கையும் வீங்கியிருந்தன. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா ஆக்கிக் கொடுத்த சோறு மூலையில் மூடியிருந்தது. ஃப்ளோரா அதன் பக்கத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு அவன் பேரு வரணும்," என்றாள் ஞானசுந்தரி.

"செத்தவங்களுக்கு நாம ஜெபம் பண்றதில்ல. அது அவங்க வழக்கம். உனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னது சரிதான். உபதேசியாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். அந்தச் சரியைக் கேட்கக் கேட்க அவளுக்கு மனிதர் மேல் வெறுப்பு பொங்கியது. இருபத்தைந்து வருஷத்தில் அவரை எதிர்த்து ஒரு பேச்சு பேசியவள் இல்லை.

"உசுரோட இருந்தப்ப ஏன் பண்ணல?"

அவள் கையை நீட்டி, மூங்கில் தட்டி உள்வாங்கியிருந்த இடத்தைக் காட்டினாள். தினம் அங்கே யார் நின்றான், எதற்காக நின்றான், வீட்டுக்குப் போய் என்ன சொன்னான் என்று ஒன்று விடாமல் சொன்னாள். நேற்றுச் சாயங்காலம் அவன் சொன்னதையும் சொன்னாள். கேட்கக் கேட்க மனிதர் சுருங்கிப்போனார். எழுந்துபோய் அந்த இடத்துக்கு முன்னால் நின்றார். தொடவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லிருந்தா இன்னா பண்ணிருப்பீங்க?"

வெளியே ஷிப்டுக்குப் போகிறவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். சாவு வீடு என்று தெரிந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

"அவனுக்கு வேணாம், விடுங்க," என்றாள் ஞானசுந்தரி. குரல் இறங்கியிருந்தது. "அந்தப் பொண்ணு கீறா. வயித்துல புள்ள கீது. அவன் பேரு வர எடத்துல அவ பேரச் சொல்லுங்க. அவ சாவல இல்ல?"

ஜெயகரன் தலையை அசைத்தார். சம்மதம்தான். அவருக்கும் அது வேண்டியிருந்தது என்று அவள் கண்டுகொண்டாள்.

விளக்கு வைத்தார்கள். பாயை விரித்தார்கள். கதவைச் சாத்தினார்கள். அன்றைக்கு வாசிப்பு இல்லை, பாட்டு இல்லை. நேராக முழங்கால் போட்டார்கள். அவர் ஜெபத்தைத் தொடங்கும்போது தட்டிக்கு அந்தப்புறம் மண்ணில் காலடி கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம். தட்டி மெல்ல முனகி உள்ளே வந்தது. மருமகள் வந்துவிட்டாள். ஞானசுந்தரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ராஜாவுக்கும் கம்பெனி துரைமாருக்கும் வியாதிக்காரருக்கும் பூமிக்கடியில் வேலை செய்கிறவர்களுக்கும் வழக்கப்படி ஜெபித்தார். பிறகு பேர் வந்தது.

"ரூபவதியை ஆசீர்வதியும் ஆண்டவரே. ஃப்ளோராவை..."

குரல் நின்றுவிட்டது.

வேண்டுமென்று செய்யவில்லை. அது அவளுக்குத் தெரியும், சத்தியமாகத் தெரியும். இரண்டு வருஷம் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் பழகிய நாக்கு இன்றும் தாண்டிவிட்டது. ஆனால் வெளியே நிற்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்? தட்டி பழையபடி நிமிர்ந்தது. காலடி நகர்ந்தது.

ஞானசுந்தரி எழுந்தாள். ஃப்ளோரா பயந்துபோய் அவள் புடவையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு, ஜெபத்தின் நடுவில், அந்த வீட்டில் யாரும் செய்யாத காரியமாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். நாலடி போயிருந்த மரியகுழந்தையின் கையைப் பிடித்தாள். அவளைத் திரும்பக் கூட்டிவந்து, அந்த இடத்திலேயே நிறுத்தித் தானும் பக்கத்தில் நின்றாள்.

உள்ளே ஜெயகரன் மறுபடியும் தொடங்கினார். குரல் அவர் குரலாகவே இல்லை. சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"ரூபவதியை ஆசீர்வதியும் ஆண்டவரே."

அந்த இடம் வந்தது.

"இன்பராஜை," என்றார் அவர்.

அதற்கு மேல் வரவில்லை. ஆசீர்வதியும் என்று வரவில்லை, அடுத்த பேர் வரவில்லை, ஆமென் வரவில்லை. திறந்த கதவு வழியாக விளக்கு வெளிச்சம் வாசல் மண்ணில் விழுந்து கிடந்தது. மரியகுழந்தை நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஞானசுந்தரி தட்டியின் பள்ளத்தில் கையை வைத்தாள். ஒரு தோள் சாயும் அளவுக்கு இருந்தது.