இருபத்தேழு மீன் பெயர்கள்

வேலை கிடைத்த விஷயத்தில் பாதியைத்தான் தேவராஜன் வீட்டில் சொன்னான். "கூட்டுறவுச் சங்கத்துல சூப்பர்வைசர்" என்றான். அது பொய்யில்லை. உத்தரவுக் கடிதத்தில் 'கூட்டுறவு' என்ற சொல்லுக்கு முன்னால் 'மீனவர்' என்று இன்னொரு சொல் இருந்தது. அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு அப்பாவிடம் காட்டினான், அவ்வளவுதான்.

அப்பா ராமானுஜம் திருவள்ளூர் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் முப்பத்திரண்டு வருஷமாகத் தளிகை செய்கிறவர். அந்த வீட்டில் வெங்காயம் நுழைந்ததில்லை. முருங்கைக்காய் வந்துவிட்டால் யார் வாங்கியது, ஏன் வாங்கியது என்று இரண்டு நாள் விசாரணை நடக்கும். பிள்ளை மீனை வைத்துப் பிழைக்கிறான் என்று தெரிந்தால் அவர் கத்தமாட்டார், கை ஓங்கமாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். ஓட்டலில் காப்பி குடித்ததற்காகக் கூடப்பிறந்த தம்பியோடு பதினோரு வருஷம் பேசாமல் இருந்த மனுஷர் அவர். அந்தத் தம்பி அதே தெருவில் எதிர்வீட்டில்தான் இருந்தார். தேவராஜனுக்கு அம்மா இல்லை. அப்பாவும் பேச்சை நிறுத்திவிட்டால் அந்த வீட்டில் அவனோடு பேசுவதற்குக் கிணற்று ராட்டினம் மட்டும்தான் மிச்சம்.

அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் பொன்னேரியில் ஒரு அறை பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஊர். வேலை இதுதான்: பழவேற்காடு ஏரிக்கரையில் வேலங்குப்பம் என்று ஒரு மீனவர் குப்பம். அங்கே நாற்பது குடும்பத்தைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். சேர்ந்தால் சர்க்கார் பாதி விலையில் நைலான் வலை கொடுக்கும். ஆறு மாசத்துக்குள் நாற்பது கைநாட்டு வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் நாளே சனி பிடித்தது. ஊர்ப் பெரியதனம் திருமலை மரியாதையாக நாற்காலி போட்டார். தேவராஜன் சங்கத்தின் நன்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். நடுவில், எதிரே கிடந்த கூடையைக் காட்டி, "உதாரணத்துக்கு, இந்த நீளமான மீன்..." என்றான்.

"அதுக்குப் பேரு இல்லியா?" என்றாள் கூடைக்காரி.

அவள் பெயர் கோவிந்தம்மா. பொன்னேரி மார்க்கெட்டுக்குத் தலைச்சுமையாக மீன் கொண்டுபோகிறவள். அவள் வாய்க்குப் பயந்து திருமலையே சுற்றுவழியாகப் போவார்.

"நீயே சொல்லு சார். இது இன்னா மீனு?"

தேவராஜன் விழித்தான். அவன் கண்ட மீனெல்லாம் கோயில் குளத்து மீன். அவற்றுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

"மீனு பேரே தெரியல. இவரு நமக்கு வலை குடுக்கப் போறாராம்" என்று கோவிந்தம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் பின்னாலேயே கூட்டமும் போய்விட்டது. நாற்காலியைக்கூட யாரோ எடுத்துப் போனார்கள்.

பொன்னேரி நூலகத்தில் மீனைப் பற்றி இரண்டே புத்தகங்கள் இருந்தன. ஒன்று சமையல் புத்தகம். நூலகர் அதை நீட்டியதும் தேவராஜன் இரண்டடி பின்வாங்கினான். இன்னொன்று வளர்ந்த பிள்ளைகளுக்கான நாவல். மேலட்டையும் முதல் பதினோரு பக்கமும் போய்விட்டதால் அதன் பெயர் என்ன, எழுதிய மகராசன் யார் என்பதெல்லாம் கடைசிவரை தெரியவில்லை. பதினாறு வயசுப் பையன் ஒருவன் தெற்கே ஏதோ ஒரு கழிமுகத்தில் கள்ளக்கடத்தல்காரர்களைத் துரத்துகிறான். கதை சூடுபிடிக்கிற நேரமெல்லாம் ஆசிரியர் துப்பாக்கியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு ஏதாவது ஒரு வலையை வர்ணிக்க ஆரம்பித்துவிடுவார். மற்ற வாசகர்கள் அந்த இடங்களில் வெறுத்துப்போய் ஓரத்தில் பென்சிலால் திட்டியிருந்தார்கள். தேவராஜனுக்கு அந்த இடங்கள்தான் வேண்டியிருந்தது. முகத்துவாரம், மிதவை, வீச்சுவலை, வாடைக்காற்று என்று புதுச் சொல் வந்த இடத்திலெல்லாம் கோடு போட்டான். துப்பாக்கி வெடித்ததா என்று அவன் கவலைப்படவில்லை.

ஏழாம் அத்தியாயத்தில் பையனைக் கண்ணைக் கட்டிப் படகில் போடுகிறார்கள். பயத்தை விரட்ட அவன் தனக்குத் தெரிந்த மீன் பெயர்களையெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறான். மொத்தம் இருபத்தேழு. தேவராஜனுக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. மனப்பாடம் செய்துவிட வேண்டியதுதான் என்று உட்கார்ந்தான்.

மனப்பாடம் என்றால் அவனுக்கு ஒரு வழிதான் தெரியும். அவர்கள் வீடுகளில் பாசுரம் கற்றுக்கொடுப்பதைச் சந்தை சொல்வது என்பார்கள். ஆசான் ஒரு அடியை ஒரு தரம் சொல்வார், மாணவர்கள் அதே ராகத்தில் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். பதினாலு வயசுவரை அப்பாவே அவனுக்குச் சந்தை சொல்லிவைத்தார். பிறகு அவன் இங்கிலீஷ் டியூஷனுக்குப் போக ஆரம்பித்தான், இது நின்றுபோனது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாததுதான் அவனுக்கு இன்றைக்கும் வலித்தது.

இப்போது ஆசானும் அவனே, மாணவனும் அவனே. "மடவை கெளுத்தி கொடுவா கிழங்கான்" என்று ஆசானாக ஒரு தரம், மாணவனாக இரண்டு தரம். "பன்னா பாறை வவ்வால் வாளை" என்று ஒரு தரம், மறுபடி இரண்டு தரம். விடியற்காலையில் குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு ஒரு மாசம் சொன்னான். பொன்னேரி வீட்டுக்காரியம்மாள் சுவருக்கு அந்தப்பக்கம் இந்த ராகத்தைக் கேட்டு, இப்படியொரு பக்திமான் தன் வீட்டில் குடியிருக்கிறானே என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள்.

இப்படிக் கற்றதில் இரண்டு கோளாறு இருந்தது. ஒன்று, புத்தகத்தில் படம் கிடையாது. இருபத்தேழு பெயர் தெரியும், எந்த மீனுக்கு எந்தப் பெயர் என்று தெரியாது. இரண்டாவது, சந்தையில் கற்றது நடுவிலிருந்து வராது. பதினாறாவது பெயர் வேண்டுமென்றால் முதல் பெயரிலிருந்து தொடங்கி, ராகம் பிசகாமல் சொல்லிக்கொண்டே போய்த்தான் அதைப் பிடிக்க முடியும்.

இது வேலங்குப்பத்தில் எல்லாருக்கும் முன்னால்தான் தெரியவந்தது. கோவிந்தம்மா கூடையிலிருந்து ஒன்றை எடுத்து அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். "இது இன்னா?"

தேவராஜன் கண்ணை மூடிக்கொண்டு, "மடவை கெளுத்தி கொடுவா கிழங்கான்..." என்று தொடங்கினான். தொடங்கினதை நிறுத்த அவனால் முடியவில்லை. ராகம் அவனை இழுத்துக்கொண்டு போனது. ஓரடி முடிந்ததும் பழக்கதோஷத்தில் அதையே மறுபடியும் இரண்டு தரம் சொன்னான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது அடியில் திருமலை தலைப்பாகையை அவிழ்த்துவிட்டார். மூன்றாவது அடிக்குக் கோவிந்தம்மாவே கையிலிருந்த மீனோடு கும்பிட்டுக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பெயருக்கும் கூடையிலிருந்து யாரோ அந்தந்த மீனை எடுத்து மேலே தூக்கிக் காட்டினார்கள். மூன்று பெயருக்கு மட்டும் மீன் இல்லை. அவை இந்தப் பக்கத்து மீன்கள் இல்லை. ஆந்திராப் பக்கம் இருக்கும் என்று திருமலை தீர்ப்புச் சொன்னார்.

"மீனுக்கெல்லாம் மந்திரம் இருக்குதா சார்?" என்றாள் கோவிந்தம்மா, குரல் இறங்கி.

தேவராஜன் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் எல்லாரும் கலைந்து வேலைக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் ஏரியில் இறால் அள்ளிக்கொண்டு வந்தது. இறாலுக்கு அது பருவம், வந்துதான் ஆகவேண்டும். ஆனால் யார் கேட்கிறார்கள்? அதற்கடுத்த திங்கட்கிழமை அவன் போனபோது படகுகள் தண்ணீரில் இறங்காமல் அவனுக்காகக் காத்திருந்தன. "சாரு சொல்லட்டும், அப்பால போலாம்" என்றார் திருமலை. அவன் ஒரு அடி சொன்னான். நாற்பது பேர் அதை இரண்டு தரம் திருப்பிச் சொன்னார்கள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவன் மூன்று தரம் சொன்னதைக் கேட்டவர்கள், முதல் தரம் அவனுடையது, மற்ற இரண்டும் தங்களுடையது என்று தாங்களே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பொங்கலுக்குள் நாற்பத்தொரு கைநாட்டு விழுந்தது. மேலதிகாரி கடிதம் போட்டுப் பாராட்டினார். எந்த முறையைக் கையாண்டீர்கள், மற்ற குப்பங்களுக்கும் உதவும் என்று கேட்டிருந்தார். தேவராஜன் பதில் எழுதவில்லை.

தை அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. திருவள்ளூரில் அன்றைக்குக் குளத்தங்கரையில் கால் வைக்க இடமிருக்காது. தேவராஜன் கொல்லையில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தான். தெருவில் ஒரு குரல் கேட்டது. கிணற்றுக் கயிறு கையிலிருந்து நழுவியது.

"மீன் மந்திரம் சொல்ற தேவராஜ் சாரு ஊடு எதுங்க?"

அவன் வாசலுக்கு ஓடி வருவதற்குள் அப்பா வெளியே வந்துவிட்டார். கோவிந்தம்மா, கூட நாலு பேர், எல்லாருக்கும் மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையும். தீர்த்தமாடிவிட்டு வந்திருந்தார்கள்.

"இதுதான்" என்றார் ராமானுஜம். "என்ன மந்திரம்?"

"பெரிய சாமிக்குத் தெரியாதா? உங்க புள்ள வந்து சொன்னதுலேந்து எங்க ஏரியில இறாலு எப்டி படுது தெரியுமா! கேளு சாமி" என்று கோவிந்தம்மா தெரு நடுவில் நின்றுகொண்டு, மடவையில் தொடங்கி வாளை வரைக்கும் இரண்டடி, ராகம் கொஞ்சமும் பிசகாமல் பாடிக் காட்டினாள். எதிர்வீட்டுச் சித்தப்பா ஜன்னலைத் திறந்தார். பக்கத்து வீட்டில் உலக்கைச் சத்தம் நின்றது.

அப்பா முழுசாகக் கேட்டார். உள்ளே போய் அஞ்சு பேருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் போனதும், "நாளைக்கு நானும் வரேன்" என்றார். அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. ஆரம்பித்துவிட்டது என்று தேவராஜன் நினைத்துக்கொண்டான்.

பெரியபாளையம் வழியாகப் பொன்னேரிக்கு, அங்கிருந்து பழவேற்காட்டுக்கு என்று இரண்டு பஸ். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். இத்தனை நாள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தோம் என்று தேவராஜன் எண்ணிப் பார்த்தான். சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பும் முன் பொன்னேரியில் இரண்டு தரம் குளிப்பான். சந்தன சோப்பில் பாதி கரைந்துவிடும். குப்பத்துக்குக் கட்டிப்போகிற வேட்டி வீட்டுப் பக்கமே வந்ததில்லை. அத்தனையும் ஒரு கூடைக்காரியின் நன்றியில் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவள்மேல் கோபப்படக்கூட அவனால் முடியவில்லை.

கரையில் அப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். முந்தின ராத்திரி வலையில் பட்ட மடவையும் கெளுத்தியும் காலடியில் கூடை கூடையாகக் கிடந்தன. "சொல்லு சார்" என்றார் திருமலை. படகுகள் காத்திருந்தன. தேவராஜன் அப்பா பக்கம் திரும்பாமல் தொடங்கினான். நாற்பது குரல் பின்னால் வந்தது. இருபத்தேழு பெயரும் முடிந்தன. படகுகள் தண்ணீரில் இறங்கின. கோவிந்தம்மா மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா..." என்றான் தேவராஜன்.

"மடப்பள்ளியில தளிகையை ருசி பாக்கப்படாது, தெரியுமோன்னோ?" என்றார் அப்பா. "பெருமாளுக்குக் காட்டறதுக்கு முன்னாடி நாக்குல வைக்கக் கூடாது. உப்பு சரியா இருக்கா, புளி பச்சை வாசனை போயிடுத்தா, எல்லாம் மூக்காலதான். முப்பத்திரண்டு வருஷம் இந்த மூக்கை வெச்சுண்டு பண்ணியிருக்கேன். நீ ஒரு சோப்பைத் தேய்ச்சுண்டு வந்து எனக்கு முன்னாடி நிக்கறே."

"எப்போலேர்ந்துப்பா தெரியும்?"

"முதல் வாரமே."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாசல்லயே உக்காந்து பாத்துண்டிருந்தேன். வருவே, சாப்பிடுவே, போயிடுவே." அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எந்தம்பியோட நான் பேசாம இருந்ததைத்தானே நீ பாத்திருக்கே. தப்பு என் பேர்லதான்."

அப்பா இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவன் கேட்டதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்கக் குனிந்து காலடியில் கிடந்த ஒரு மீனை எடுத்துக் கூடையில் போட்டான். அப்பா அதையும் பார்த்தார்.

"ரெண்டாவது அடியில மூச்சு விடறே" என்றார்.

"என்னது?"

"பன்னாவுக்கும் பாறைக்கும் நடுவுல. நீ விடறதைப் பாத்து அந்த அம்மாவும் நேத்திக்குத் தெருவுல விட்டா. பன்னாவுலேர்ந்து வாளை வரைக்கும் ஒரே மூச்சு. எங்கே, சொல்லு."

தேவராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினான். இரண்டாவது அடிக்கு வந்தான். பாறை வரையில் சரியாகத்தான் போனது. அதற்குமேல் மூச்சு வாங்கிவிட்டது.

"மறுபடி" என்றார் அப்பா.