குரல் இருந்த கொஞ்ச நேரம்

ஸ்ட்ரெச்சரில் வந்தவர் பேசிக்கொண்டே வந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் அவசரப் பிரிவின் கதவை முதுகால் தள்ளித் திறந்து உள்ளே நுழைந்தபோது, "மெதுவாப்பா, நான் ஒண்ணும் எழுந்து ஓடிடமாட்டேன்" என்று அவர்தான் அவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த கூட்டாளிகள் இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவை ஆலையில் அவர் பாய்லர் பார்ப்பவர். காலை ஷிப்ட் முடியும் மதிய நேரத்தில் பாய்லருக்கு எண்ணெய் போகும் குழாய் வெடித்துத் தீ அவர் மேல் பாய்ந்துவிட்டது. ஆலையில் எல்லோரும் அவரை 'நீராவி' என்றுதான் கூப்பிடுவார்களாம். பெயர் என்னவென்று நர்ஸ் கேட்டபோது கூட்டாளிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதற்றத்தில் நிஜப் பெயர் வாயில் வரவில்லை.

நர்ஸ் அந்தப் பிரிவில் நரை கண்டவள். தீப்புண் எத்தனையோ பார்த்திருக்கிறாள். கத்தரிக்கோலை எடுத்து, எரிந்தும் எரியாமலும் ஒட்டியிருந்த சட்டையை ஓரம் ஓரமாக வெட்டினாள். சிவந்து கொப்புளம் போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மார்பும் வயிறும் தொடைகளும் வெளுத்து, பழைய தோல்பை மாதிரி விறைத்துக் கிடந்தன. கையுறை போட்ட விரலால் விலா ஓரம் மெதுவாக அழுத்தினாள்.

"இங்க தொடுறேன், தெரியுதா?"

"எங்க தொடுறீங்க?" என்றார் அவர்.

ஊசி போட நல்ல தோல் தேடினாள். இடது பாதத்தில், பூட்ஸ் காப்பாற்றிய இடத்தில், ஒரு நரம்பு கிடைத்தது. சலைன் பாட்டிலைக் கையால் பிசைந்து வேகமாக ஏற்றினாள். விரல்கள் வீங்கத் தொடங்கியிருந்ததால் மோதிரத்தைச் சிறு ரம்பத்தால் அறுத்து எடுத்தாள். சிறுநீர்க் குழாய் போட்டாள். அதில் வந்த கொஞ்சமும் தேயிலைச் சாறு நிறத்தில் இருந்தது. சுத்தமான விரிப்பைக் கழுத்து வரை போர்த்தி, அதற்கு மேல் கம்பளியும் போட்டாள்.

"நெருப்புல வெந்தவனுக்குக் குளிருது பாத்தீங்களா சிஸ்டர்? இந்த அநியாயத்த எங்க போய்ச் சொல்றது?"

அவருடைய பற்கள் தந்தியடித்தன. புருவமும் இமையும் கருகி, முகம் வழித்துவிட்டாற்போல் இருந்தது.

பணியிலிருந்த டாக்டர் அவருடைய மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தாள். உள்ளே கரி. வந்தபோது கணீரென்றிருந்த குரல் அதற்குள் கரகரக்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் நர்ஸைத் திரைக்கு இந்தப் பக்கம் அழைத்தாள்.

"தொண்டை வீங்கிட்டு வருது. இப்பவே மயக்கம் கொடுத்து ட்யூப் போட்டாகணும். லேட் பண்ணா அப்புறம் வழியே கிடைக்காது."

"அதுக்கப்புறம்?" என்றாள் நர்ஸ்.

டாக்டர் தலையை மட்டும் அசைத்தாள். உடம்பில் புண் படாத இடத்தை இரண்டு உள்ளங்கையால் மூடிவிடலாம். ட்யூப் போட்டால் மூச்சு நிற்காது, அவ்வளவுதான். ஆள் திரும்பமாட்டார் என்பது இருவருக்குமே தெரியும்.

"அவங்க வீட்டுக்காரம்மா வந்துட்டு இருக்காங்களாம். ட்யூப் போட்டா அவர் இனி பேசப்போறதில்ல, டாக்டர். கொஞ்சம் பாக்க விடலாமா?"

டாக்டர் திரைக்குள் எட்டிப் பார்த்து மூச்சின் சத்தத்தைக் கேட்டாள். "நான் மருந்து எடுத்து வைக்கிற நேரம்தான். மூச்சுல விசில் சத்தம் கேட்டா உடனே கூப்பிடுங்க. அந்தம்மாகிட்ட நான் அப்புறம் விவரமா பேசுறேன்."

நர்ஸ் உள்ளே திரும்பியபோது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், வலிக்கவே இல்லையே. அது நல்லதுக்கில்லல்ல?"

அவள் சலைன் வேகத்தைச் சரிபார்ப்பதுபோல் நின்றாள்.

"எங்கூட முன்னாடி ஒருத்தன் வேலை பாத்தான். அவனுக்கும் இதே கதிதான். ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தா ஜோக்கடிச்சுகிட்டு கிடந்தான். வலிக்கலடான்னான். பொழச்சுகிட்டான்னு நாங்க எல்லாம் சந்தோஷமா டீ குடிக்கப் போனோம்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "சொல்லுங்க. மறைக்காதீங்க."

ஆறுதலுக்குப் பொய் சொல்லும் ஆளில்லை அவள். அவர் தலைமாட்டில் குனிந்தாள்.

"ரொம்ப மோசமாத்தான் இருக்கு அண்ணே. மூச்சுக்குக் குழாய் போடப்போறோம். போட்டா பேச முடியாது. திரும்பப் பேசுவீங்கன்னு என்னால சொல்ல முடியல."

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"சரி. அவ வந்தா இத சொல்லாதீங்க."

"அண்ணே, அது..."

"சொன்னா அழுவா. அவ அழுது நான் பாத்ததில்ல சிஸ்டர், எனக்கு அது பழக்கமில்ல. திட்டுவா. நல்லா திட்டுவா. அதக் கேட்டுட்டுத் தூங்கிடறேன். இந்த ஒரு உதவி பண்ணுங்க."

நர்ஸ் வாக்குக் கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. அதற்குள் வாசலில் ஒரு பெண் குரல் உயர்ந்தது.

மனைவி தையற்கடையிலிருந்து போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. நர்ஸ் அவளை நிறுத்தி, "முகம் வீங்கியிருக்கும், பயப்படாதீங்க. தொடாதீங்க. கொஞ்ச நேரந்தான்" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போதே மிச்சத்தையும் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் வாய் திறப்பதற்குள் திரைக்கு உள்ளிருந்து, "வந்துட்டாளா? இனி கச்சேரிதான்" என்ற கரகரத்த குரல் கேட்டது. மனைவியின் முகத்தில் அப்படியே ரத்தம் திரும்பியது. ஆள் பேசுகிறார். பேசுகிற ஆளுக்கு என்ன ஆகிவிடும்?

கட்டிலருகே போய் நின்று பார்த்தாள். உதடு துடித்தது. பிறகு ஆரம்பித்தாள்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே, கேட்டீங்களா? அந்த வேலைய விட்டுத் தொலைங்கன்னு நான் கத்தாத நாள் உண்டா? குழாய் ஒழுகுதுன்னு நீங்களே முந்தாநாள் சொன்னீங்க. ஒழுகுறது தெரிஞ்சும் போய் மூஞ்சிய நீட்டணுமா? ஊருக்கெல்லாம் நல்லவரு. வீட்டுல ஒரு பேச்சக் கேக்கறதில்ல."

"புருவம் போச்சு பாத்தியா?"

"ஆமா, பெரிய அழகு போச்சு!"

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. கருப்பாக ஏதோ உதட்டோரம் வழிந்தது, நர்ஸ் துடைத்தாள்.

மனைவி சட்டென்று நர்ஸ் பக்கம் திரும்பினாள். "பொண்ணுக்கு ஸ்கூல் விடப்போற நேரம் சிஸ்டர். பக்கந்தான். போய்க் கூட்டிட்டு வந்துடவா?"

நர்ஸ் அவரைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றார். "இந்தக் கோலத்துல பாத்து புள்ள பயந்துடும். கொஞ்சம் தேறினப்புறம் கூட்டிட்டு வா."

"அதுவும் சரிதான்" என்றாள் மனைவி. "தேறி வாங்க, உங்களுக்கு இருக்கு. இன்னும் பாதிகூட நான் திட்டி முடிக்கல."

"மிச்சத்த வச்சிரு."

மூச்சில் மெல்லிய விசில் கேட்டது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாள். மனைவி வெளியே போகும்போது, "வாய மூடிட்டு சிஸ்டர் சொல்றதக் கேளுங்க" என்று ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"போயிட்டாளா?" என்று கேட்டார். இப்போது குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"வெளியதான் நிக்கிறாங்க."

அவருடைய முகம் உடைந்தது. இமை கருகிய கண்களிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நர்ஸ் ஒரு கையால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மருந்தை மெல்ல ஏற்றினாள். கதவு எட்டும் தூரத்தில் இருந்தது. டாக்டர் கருவியுடன் தயாராக நின்றாள். மருந்து ஏறியது, கண்கள் செருகின, குழாய் இறங்கியது.

டாக்டர் மனைவியிடம் பேசியபோது நர்ஸ் உள்ளே வேறு வேலையில் இருந்தாள். சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

மறுநாள் மதியம் அவர் இறந்தார். சிறுநீர் நின்றது, ரத்த அழுத்தம் எந்த மருந்துக்கும் பிடி கொடுக்கவில்லை. மகளைக் கூட்டி வந்து காட்டியிருந்தார்கள். வீங்கிய முகமும் கட்டும் குழாயுமாகக் கிடந்தவரைப் பார்த்து, "இது அப்பா இல்ல" என்று அந்தப் பெண் பின்வாங்கியதாக இன்னொரு நர்ஸ் சொன்னாள்.

உடலைத் துடைத்துக் கட்டிப் பிணவறைக்கு அனுப்பிய பிறகு மனைவி தாழ்வாரத்தில் வந்து நின்றாள். அழுத அடையாளம் இல்லை.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். நான் உள்ள வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவருக்கு?"

நர்ஸ் யோசித்தாள். தெரியாது என்று சொல்லிவிட்டால் பழி முழுவதும் தன்னோடு போகும். அது சுலபம். ஆனால் இந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே ஒரு தடவை மறைத்தாகிவிட்டது.

"அவருக்கும் தெரியும். அவரா கேட்டாரு, சொன்னேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. நீங்க திட்டுறதக் கேட்டுட்டுத் தூங்கணும்னாரு."

மனைவி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். தெரியாத ஊருக்கு வழி சொல்வதைக் கேட்பதுபோல் இருந்தது அவள் முகம்.

"அவருக்கு என்ன வேணும்னு அவரு சொல்லிட்டாரு. நீங்களும் சரின்னுட்டீங்க." குரல் உயரவே இல்லை. "எனக்கு என்ன வேணும்னு ரெண்டு பேருல ஒருத்தருக்குக்கூட கேக்கத் தோணலையே."

மனைவி மகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"புள்ளைய கூட்டிட்டு வரவான்னு கேட்டேனே. ஒரு போனாவது போட்டுக் குடுத்திருப்பேனே. அப்பா குரல கேட்டிருப்பா. இப்ப அவ, அது எங்கப்பாவே இல்லங்கறா. நான் என்ன பதில் சொல்ல?"

"தப்புதாம்மா."

"தப்பு, சரி எல்லாம் எனக்கு வேணாம். நான் வெளிய போனப்புறம் ஏதாவது சொன்னாரா?"

"போயிட்டாளான்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"அழுதாரு."

அப்போதுதான் அவள் சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

"கதவுக்கு இந்தப் பக்கம்தானே நின்னேன். கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டிருக்கலாம்" என்றாள் நர்ஸ். தொண்டை வீங்கியதையும் மருந்து ஏறிக்கொண்டிருந்ததையும் அவள் சொல்லவில்லை. அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒரு குரல் கொடுக்க நேரம் இருந்தது என்பதும் உண்மை.

மனைவி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. தாழ்வாரக் கோடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகளிடம் போய் அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் மாடிப்படி இறங்கினார்கள்.

நர்ஸ் மருந்தறைக்குள் போனாள். அவசரப் பிரிவின் மணி அடித்தது, வெளியே வந்தாள்.

மூச்சு முட்டிக்கொண்டு ஒரு முதியவர் வந்திருந்தார். ஏற்கெனவே பாதி நின்றுபோன இருதயம். நுரையீரலில் நீர் கோத்து வாயில் நுரை தள்ளியது. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முகமூடியைப் பொருத்தி, நீர் இறங்க ஊசி போட்டாள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். வாசலில் மகன் போனில் யாரிடமோ, "ஒண்ணுமில்ல, வழக்கமா வர்றதுதான், காலையில வீட்டுக்கு வந்துடுவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் மகனிடம் போனாள். "தம்பி, போன வச்சுட்டு உள்ள வாங்க. இந்தத் தடவ அப்பா வீட்டுக்கு வராமப் போகலாம். இப்ப நினைவு இருக்கு. பேசணும்னா இப்ப பேசுங்க. வேற யாராவது வரணும்னா இப்ப கூப்பிடுங்க."

மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாயக் கழுவுங்க மேடம்! நீங்க என்ன கடவுளா? டாக்டர் எங்க? யார் கேட்டா உங்ககிட்ட?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"திட்டணும்னா அப்புறமா திட்டுங்க தம்பி. முதல்ல உள்ள போங்க."

அவர் இன்னும் ஏதோ கத்த வாயெடுத்தார். பிறகு போனைப் பையில் போடக்கூட மறந்து, திரையை விலக்கிக்கொண்டு அப்பாவிடம் போனார்.