கரி படிந்த பிளக்

ஃப்ளோரன்ஸுக்குத் தன்னிடம் வருகிற யாரையும் பிடிக்காது. டர்போ என்றால் என்னவென்றே தெரியாமல் டர்போ வண்டி வாங்குகிறவர்கள், சைலன்சரில் நெருப்பு வரவேண்டும் என்று கேட்கிறவர்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கு எத்தனை பெட்ரோல் என்று லேப்டாப்பில் மாற்றி எழுதுவது அவள் தொழில். அன்று அவளுக்கு வாய்த்தது வண்டியின் முதலாளிகூட இல்லை, அவருடைய டிரைவர் பாலு.

“பாலு ஓட்டுவான், நீங்க பக்கத்துல உக்காந்து ட்யூன் பண்ணிக்குங்க” என்று முதலாளி போனிலேயே முடித்துக்கொண்டார்.

நந்தனத்தில் கிளம்பி ஈ.சி.ஆர். வந்தார்கள்.

“சொன்னா மிதிங்க, நிறுத்துன்னா நிறுத்துங்க. வேற எதுவும் வேணாம்.”

பாலு மிதித்தார். டர்போ சீறியது. திரையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதிமூன்றரைப் பங்கு காற்று. முழு வேகத்தில் அது பன்னிரண்டைத் தாண்டினால் பிஸ்டன் உருகும். பெட்ரோலைக் கூட்டினாள். மறுபடியும் பதிமூன்றரை. இன்னும் கூட்டினாள்.

“மேடம், வண்டி மூச்சு முட்டுது. பின்னால கருப்பா பொக வருது. எனக்குக் கண்ணெல்லாம் எரியுது.”

“உங்க கண்ணு எரியறத வச்சு நான் ட்யூன் பண்ண முடியாது. அதுக்குத்தான் புகைக்குழாய்ல சென்சார் இருக்கு.”

“அதுக்கில்ல மேடம். காலைல ஸ்டார்ட் பண்ணசொல்லோ கீழ டிக்கு டிக்குனு சத்தம் ஒண்ணு கீது...”

“டிரைவர், ரோட்டப் பாருங்க.”

கண்ணாடி துடைக்கிறவரெல்லாம் எஞ்சின் பேச வந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டே நான்காவது முறையும் கூட்டினாள். பாலவாக்கத்தில், ஒரு டீக்கடைக்கு எதிரே, வண்டி திணறி நின்றுவிட்டது.

பாலு அவளைக் கேட்கவில்லை. பானெட்டைத் திறந்து, சூடு தணியும்வரை டீ குடித்தார். பிறகு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். காற்று மிஞ்சியிருந்தால் வெளுத்திருக்க வேண்டிய பிளக், சட்டியின் அடிபோலக் கரி பிடித்திருந்தது.

அப்போதுதான் ஃப்ளோரன்ஸ் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாய் இணைப்பில் ஒழுக்கு; பாலு சொன்ன டிக்கு டிக்கு அதுதான். அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்திருக்கிறது. சென்சார் அதையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. அந்தப் பொய்க்கணக்குக்குத்தான் அவள் அரைமணி நேரமாகப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறாள். லேப்டாப்பைச் செருகுவதற்கு முன்பே குனிந்து பார்த்திருக்க வேண்டிய இடம் அது. இந்த வண்டிக்கு இது போதும் என்று குனியாமல் விட்டிருந்தாள்.

பாலு சாக்கை விரித்துப் படுத்து போல்ட்டை இறுக்கினார். “கேஸ்கட் மாத்தணும். இப்பத்திக்குத் தாங்கும்.”

அவள் பழைய கணக்கையே திரும்ப ஏற்றினாள். அடுத்த ஓட்டத்தில் பதினொன்றே முக்கால், புகை இல்லை.

வண்டியை ஓரங்கட்டியபோது முதலாளி கூப்பிட்டார். “எல்லாம் ஓகேவா? அவன் எதனா தொந்தரவு குடுத்தானா?”

“இல்ல சார். ஒரு லீக் இருந்துச்சு. கண்டுபிடிச்சிட்டேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் பாலு கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. திருத்திச் சொல்ல வாயெடுத்தாள்; அதற்குள் போன் வைக்கப்பட்டிருந்தது. திரும்பக் கூப்பிடலாம். கூப்பிடவில்லை.

பாலு கோபப்படவில்லை. பான்பராக் கறையைப் பார்ப்பதுபோல அவளை ஒருமுறை பார்த்தார்.

“வேல முட்ஞ்சிதுல்ல?” என்றார். “நா இப்டியே திருவான்மியூர் போய்க்கினு கீறன். எறங்கிக்க. ஆட்டோ கெடைக்கும்.”

லேப்டாப்பை மூடிக்கொண்டு அவள் இறங்கினாள்.