வாங்கிக்கொண்டேன் என்று சொன்ன கார்டு

1

இந்தக் கதை எனக்குப் பல்வலியில் கிடைத்தது. கோவில்பட்டியில் பல் டாக்டரின் அறை வாசலில் காத்திருந்தபோது, வலியை மறக்கப் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

“மெமரி கார்டுக்கு டிரைவர் எழுதுதேன்” என்றாள்.

டிரைவர் என்றதும் எனக்கு லாரிதான் ஞாபகம் வந்தது. என்னை உள்ளே கூப்பிடுவதற்குள் அவள் பாதிக் கதையைச் சொல்லிவிட்டாள். மீதியைக் கேட்க அப்புறம் அவர்கள் ஸ்டுடியோவுக்கே போனேன். பெயரை மாற்றி எழுதச் சொன்னாள். சுதாராணி என்று வைத்திருக்கிறேன்.

ஆரம்பம்தான் அமையவில்லை.

கரிசல் காட்டின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது சுதாராணி

(வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதை எல்லாமே வெயிலில்தான் ஆரம்பிக்கிறது. இவள் உட்கார்ந்திருந்தது ஃபேனுக்குக் கீழே.)

2007ஆம் ஆண்டு, லினக்ஸ் கெர்னலின்

(இரண்டாவது வரியிலேயே நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2

விஜயராஜ் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஸ்டுடியோ வைத்திருந்தான். அவன் மனைவி சுதாராணி. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள். ஸ்டுடியோவுக்கு வாங்கிய பழைய லேப்டாப்பில் வைரஸ் தொல்லை தாங்காமல், எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டாள். எல்லாம் வேலை செய்தது. பக்கவாட்டில் கார்டு சொருகுகிற ஓட்டை மட்டும் செத்துக் கிடந்தது. அதற்கு டிரைவர் இல்லை.*

ஓட்டைக்குள் இருக்கும் சிப்பைச் செய்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். பதில் வரவில்லை. சிப்புக்கு எந்த எண்ணை அனுப்பினால் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்துத் தானே எழுதத் தொடங்கினாள்.

முதல் பிரதியில் இந்த இடத்தில் அவளுக்கு ஒரு லட்சியம் கொடுத்திருந்தேன். அறிவு எல்லோருக்கும் பொது, இன்னும் என்னவெல்லாமோ. படித்துவிட்டு அதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள்.

“அதெல்லாம் இல்ல சார். ஒரு ஓட்டை சும்மா கெடந்தா எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான்.”

(* டிரைவர்: கம்ப்யூட்டருக்கும் ஒரு கருவிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசிக்கொடுக்கும் நிரல். லினக்ஸில் அதை யார் வேண்டுமானாலும் எழுதி, உலகம் முழுக்க இருக்கிறவர்கள் சேர்ந்திருக்கும் மடல் குழுவுக்கு அனுப்பலாம். அவர்கள் குறை சொல்வார்கள். திருத்த வேண்டும். தேறினால் லினக்ஸின் மையமான கெர்னலில் சேர்த்துக்கொள்வார்கள்.)

3

கார்டில் இருப்பதைப் படிப்பது முதலில் வந்தது. கார்டில் எழுதுவது பிறகு வந்தது. தன்னுடைய கார்டில் எழுதியும் அழித்தும் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. மடல் குழுவுக்கு அனுப்பினாள். பெண் என்று தெரிய வேண்டாமென்று முதலெழுத்துகளை மட்டும் போட்டிருந்தாள். அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம் என்று பொறுப்பாளரிடமிருந்து பதில் வந்தது. அன்றைக்கு விஜயராஜ் கடையிலிருந்து பால்கோவா வாங்கி வந்தான்.

அந்த வாரம் விளாத்திகுளம் பக்கம் ஒரு காதுகுத்து. சீனித்தாய் என்பவளின் மகனுக்கு. படம் எடுத்துவந்த விஜயராஜ் கார்டை நீட்டினான்.

“ஆடிப்போன படத்த மட்டும் எடுத்து விட்டுரு. நாளைக்கு இதே கார்டுல இன்னொரு விசேஷம் எடுக்கணும்.”

நகல் எடுத்துவிட்டு அழித்திருக்கலாம். தன் டிரைவர்மேல் இருந்த நம்பிக்கையில் நேராகக் கார்டிலேயே அழித்தாள். ஒரு படத்தை அழித்தாள். படங்களின் பட்டியல் முழுக்கக் கோணல்மாணல் எழுத்துகளாக மாறியது. கார்டைக் கழற்றி மாட்டினாள். பட்டியலே இல்லை.

4

“கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிருவோம்” என்றான் விஜயராஜ். “கேமராக்காரன் எல்லாரும் சொல்லுததுதான்.”

“கார்டு கெடல. நான் கெடுத்தேன்.”

“அத ஊருக்கெல்லாம் சொன்னா நாளைக்கு எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? சொல்லு.”



(இந்த இடத்தில் விஜயராஜைக் கெட்டவனாக்கப் பார்த்தேன், வரவில்லை. அவன் பயந்தது நியாயமான பயம். அன்றைக்கு வீட்டில் சோறு பொங்கியதும் அவன்தான்.)

அவள் உட்கார்ந்து மடல் குழுவுக்கு எழுதினாள். ‘என் டிரைவர் ஒரு வாடிக்கையாளரின் படங்களை அழித்துவிட்டது. காரணம் தெரியவில்லை. தயவுசெய்து சேர்க்காதீர்கள்.’ அடியில் முதன்முறையாக முழுப் பெயரையும் போட்டாள்.

சிரிப்பார்கள் என்று நினைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஏதோ ஒரு குளிர்நாட்டிலிருந்து ஒருவர் எழுதினார்: எனக்கும் இதே மாதிரி ஆனது, கார்டின் மேல் பழியைப் போட்டுக் குப்பையில் எறிந்துவிட்டேன்.

இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவருடைய கார்டும் விஜயராஜின் கார்டும் மெதுவாக எழுதுகிற ரகம். சுதாராணி சோதித்துப் பார்த்தது வேகமான ரகம். சிப்பிலிருந்து வந்த ஒரு சைகையை அவள் ‘எழுதிவிட்டேன்’ என்று எடுத்துக்கொண்டிருந்தாள். கார்டு சொன்னது ‘வாங்கிக்கொண்டேன்’ என்பது மட்டும். அது எழுதிக்கொண்டிருக்கும்போதே இவள் அடுத்ததை அதன் தலையில் போட்டிருக்கிறாள். கார்டு ஓயும்வரை பொறு என்று கொஞ்ச வரிகள் சேர்த்ததும் சரியாகிவிட்டது. பிறகு அந்த டிரைவர் கெர்னலில் சேர்ந்தது. முழுப் பெயரோடு.

டிரைவரின் கதை இங்கே முடிகிறது. என் கதையும் இங்கேயே முடிந்திருந்தால் எனக்கு வேலை மிச்சம்.

5

பட்டியல் போனாலும் படங்கள் கார்டுக்குள் கிடந்தன. கார்டை அடியோடு படித்து, படம் தொடங்கும் இடத்தைத் தேடித்தேடி ஒவ்வொன்றாக எடுத்தாள். அநேகமாக எல்லாம் வந்துவிட்டன. ஒன்று மட்டும் பாதி வந்தது. மேல்பாதியில் ஒரு மீசைக்காரரின் முகம், ஒரு மொட்டைத் தலை. கீழே வெறும் சாம்பல் நிறம்.

சீனித்தாய் வந்தாள். விஜயராஜ் கேமராவைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டான். சீனித்தாய் அந்தப் பாதிப் படத்தில் நின்றுவிட்டாள்.

“எங்கண்ணன் இருக்காவ. பிள்ள தல இருக்கு. மடி எங்க தாயி?”

“போயிருச்சுக்கா. கார்டு மேல தப்பில்ல. நான் எழுதுன புரோகிராம்லதான் தப்பு.”

“வேற படத்துல இருக்குமே?”

இல்லை. அடுத்த படத்தில் பையன் அழுதுகொண்டு இறங்கி ஓடியிருந்தான்.

அண்ணன் பெயர் ராமசுப்பு, பசுவந்தனைக்காரர். கிணற்றுப் பங்குத் தகராறில் தங்கை வீட்டோடு பேச்சு இல்லாதவர், காதுகுத்துக்கு மட்டும் வந்து போயிருந்தார். சீனித்தாயின் கணவன் மஸ்கட்டில் வேலை பார்த்தான். அண்ணன் வந்து, தாய்மாமனாகத் தன் மடியில் பிள்ளையை வைத்துக் காது குத்தினார் என்று சீனித்தாய் போனில் சொன்னபோது அவன் நம்பவில்லை. படத்தை அனுப்பு, பார்க்கிறேன் என்றிருந்தான்.

“நீங்க ஏன் கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லல?” என்று கேட்டாள் சீனித்தாய்.

“கெடலக்கா.”

சீனித்தாய் விஜயராஜ் பக்கம் திரும்பினாள்.

“அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம கட தொறந்திருப்பீகளா? எங்கண்ணன இங்கன வரச் சொல்லுதேன். மடியில வச்சு ஒண்ணு எடுத்துருங்க.”

“வருவாவளா?” என்றான் விஜயராஜ்.

“கேட்டுப் பாக்கேன்.”

6

ஞாயிற்றுக்கிழமை சீனித்தாய் பையனுக்குக் காதுகுத்தில் போட்ட பட்டுச்சட்டையையே போட்டுக் கூட்டிவந்தாள். ராமசுப்பு போனில் “பாப்போம்” என்று சொன்னாராம். நாலு பேரும் காத்திருந்தார்கள்.

ராமசுப்பு வருவதாக ஒரு முடிவு எழுதினேன். வருகிறார், முறைக்கிறார், பையனைத் தூக்கி மடியில் வைக்கிறார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி எழுதினால் சுதாராணி படத்தை அழித்ததே நல்லதுக்குத்தான் என்று ஆகிவிடுகிறது. அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள்.

வராததாக இன்னொன்று எழுதினேன். அதில், அண்ணன் தங்கை கூடி வந்ததையே அவள் கலைத்துவிட்டாள் என்று ஆகிவிடுகிறது. ஒரு கிணற்றைப் பங்கு வைத்தவர்களை விட்டுவிட்டு இவள்மேல் அவ்வளவையும் ஏற்றுவது அநியாயம்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சுதாராணி சொன்னாள். அதையும் எழுதிப் பார்த்தேன், அது

(இல்லை. அதை எழுதினால் நீங்கள் அவர்களோடு காத்திருக்க மாட்டீர்கள்.)

அதனால் அதற்கு முந்தின நிமிஷத்தில் விடுகிறேன். பசுவந்தனை பஸ் வந்து நின்று, போய்விட்டது. சந்துக்குள் யாரும் திரும்பவில்லை. பையன் ஸ்டூலில் தூங்கிவிழுந்தான். விஜயராஜ் மெதுவாக எழுந்து ஸ்டுடியோ விளக்கின் சுவிட்சில் கை வைத்தான்.

“அத அணைக்காதிய அண்ணாச்சி” என்றாள் சீனித்தாய். “அடுத்த பஸ் இருக்கு.”