அக்னஸ் பிசைந்த பொம்மை

மெர்லிமாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயில் மண்டபத்தின் பொறுப்பு தம்புசாமியிடம் இருந்தது. முப்பது வருடம் பால்மரம் வெட்டி ஓய்ந்த மனிதர். யாரையும் லேசில் நம்ப மாட்டார். இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மண்டபத்துக்கு வந்துபோகும் ஐந்து பேரையும் அவர் நம்பவில்லை.

அந்த ஐந்து பேரும் கவுன்சலர்கள். மனசு நொந்தவர்களை உட்கார வைத்து, பேசவிட்டுக் கேட்பவர்கள். கேட்டுக் கேட்டுத் தங்கள் நெஞ்சே கனத்துப்போவதால், படம் போட்டும் தகரம் தட்டியும் மண் பிசைந்தும் அதை இறக்கி வைக்க வருவதாக, அவர்களில் மூத்தவரான பவானேஸ்வரி சொல்லியிருந்தார்.

"ஊருக்குப் புத்தி சொல்றவங்களுக்கே ஆறுதல் வேணுமா? நல்ல வேலை லா இது."

"நாங்க புத்தி சொல்றதில்லை ஐயா. கேக்கறதுதான் வேலை."

"அதுக்குச் சம்பளம் வேறயா?"

பவானேஸ்வரி சிரித்துவிட்டார். தம்புசாமி சிரிக்கவில்லை.

அந்த ஞாயிறு, வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அவர் காதில் விழுந்தது. ஐவரில் ஒருத்தி, புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைப் பெண்களுக்குக் கவுன்சலரான அக்னஸ் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னாள்:

"இதான் கடைசிக்கா. வேலையை விடறேன்னு நாளைக்கு லெட்டர் கொடுத்துடுவேன். இன்னொருத்தி முன்னால என்னால உக்கார முடியாது. அவ போயி மூணு மாசமாச்சு, ஒரு சொட்டுக் கண்ணீர் வரல."

"சரி, கொடு. இன்னைக்கு உள்ள வா," என்றார் பவானேஸ்வரி.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்புசாமி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அக்னஸ் செம்மண்ணில் சாண் உயரப் பொம்மை ஒன்று பிடித்திருந்தாள். நீளச் சடை. கைப்பையிலிருந்து ஒரு பெண்ணின் ரிப்பன் துண்டை எடுத்து அந்தச் சடையில் கட்டினாள். சுற்றி நாலு பேரும் மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்பு இதேபோல் துணி கட்டிய பொம்மை ஒன்றை அவருடைய அண்ணன் வீட்டு வாசற்படியின் கீழே தோண்டி எடுத்திருக்கிறார்கள். அண்ணன் அந்த வருடம் தாண்டவில்லை. தம்புசாமி உள்ளே பாய்ந்து, பொம்மையைப் பிடுங்கிச் சிமெண்டுத் தரையில் ஓங்கி அடித்தார்.

"அம்மன் முன்னாலயே செய்வினையா? யாரு குடியைக் கெடுக்க?"

அக்னஸ் எழுந்தாள். அவள் போட்ட சத்தத்தில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன.

"ஏன் இப்படிப் பண்ண? நாலாவது வாட்டியும் வரேன்னு சொன்னதானே? ஆறு மணி வரைக்கும் கதவைத் தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேனே! புல்லு மருந்தைக் கையில எடுக்கறதுக்கு முன்னால என்னை நெனச்சியா? சொல்லு!"

இந்த ஏச்சு தனக்கு இல்லை, அவளிடம் பேச வந்து மருந்து குடித்துச் செத்த ஒரு பெண்ணுக்கு என்பது தம்புசாமிக்குப் பாதியிலேயே விளங்கிவிட்டது. ஆனாலும் நகரவில்லை. செத்துப்போன பிள்ளையின் இடத்தில் நின்று மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார்.

அக்னஸ் தரையில் உட்கார்ந்து அழுதாள். சாவு வீடு என்றால் நாலு பேர் ஓடிவந்து, போதும், அழாதே என்பார்கள். இங்கே ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் அவள் மூச்சுக்குத் தக்கபடி தகரத்தை மெல்லத் தட்டினார். அவள் அழுது தீரும்வரை கூடவே இருந்தார்கள். அப்படிச் சும்மா இருப்பதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று தம்புசாமிக்கு அப்போதுதான் உறைத்தது.

குந்தி உட்கார்ந்து மண்ணைப் பொறுக்கினார்.

"தப்பு பண்ணிட்டேம்மா. அந்தப் புள்ள பேரு என்னா?"

"ஜெயா. பதினெட்டு வயசு. அந்த ரிப்பன் அவ விட்டுட்டுப் போனது."

சத்தம் கேட்டுக் கோயில் தலைவர் வீராசாமி வந்து நின்றார். "என்னா தம்பு, சண்டையா? வெளியே அனுப்பிடலாமா?"

"அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க. மடத்தனம் பண்ணது நான்தான். இவங்க வாரா வாரம் வரட்டும்."

"அப்படி என்னாதான் பண்றாங்க?"

"ஊர் அழுகையெல்லாம் கேட்டுட்டு, மறுநாளும் கதவைத் தொறந்து வச்சிக்கிட்டு உக்கார்றாங்க. உங்களாலயும் ஆவாது, என்னாலயும் ஆவாது."

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த அக்னஸ் நிமிர்ந்தாள்.

"அக்கா, நான் கெளம்பறேன். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு குருபோங்லேர்ந்து ஒரு பொண்ணு என்கிட்டப் பேச வருது. மொத தடவை. பயந்துக்கிட்டு வரும்."