மாடிப்படியில் மாம்பழ வாசனை

மரகதத்தின் வீட்டில் மாம்பழம் வாங்கி ஏழெட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஆயினும் சனவரி மாதத்து மழை நாளொன்றில், மாலை நான்கு மணிக்கு, மாடிப்படியின் கடைசிப் படியில் பழுத்த மாம்பழத்தின் வாசனை நின்றுகொண்டிருந்தது.

மடித்த துணிகளை இடுப்பில் அணைத்தவாறு ஏறி வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். அந்த வாசனை அவளுக்குப் பழக்கமானது. மூத்த மகள் வெண்பா அறையைவிட்டு வெளியே வரும்போதெல்லாம் அவளைத் தொடர்ந்து வருவது. பாடி ஸ்ப்ரே என்றே மரகதம் எண்ணியிருந்தாள். வெண்பா இறந்து பத்து மாதங்கள் ஆகியிருந்தன.

சென்ற மார்ச்சு இறுதியில், 580 ஃப்ரீவே நெடுஞ்சாலையில், தோழி ஓட்டிய கார் மழையில் சறுக்கியது. அன்று காலை சமையலறையிலிருந்து திரும்பியும் பாராமல், "போயிட்டு வா கண்ணு" என்று மரகதம் சொல்லியனுப்பினாள். கோபிச்செட்டிப்பாளையத்தில் பிறந்து வளர்ந்த அவள், வாசல் தாண்டும் எவரையும் 'போ' என்று மட்டும் சொல்லி அனுப்பியதில்லை. படியில் நின்ற அவளுக்கு அந்தச் சொற்கள்தாம் நினைவுக்கு வந்தன. வா என்று சொன்னேன், வந்துவிட்டாள்.

கணவர் சபரிநாதனிடம், மாடியில் ஏதேனும் வாசனை வருகிறதா என்று அன்றிரவு மெல்லக் கேட்டுப் பார்த்தாள். அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஏசி டக்ட் கிளீன் பண்ணி மூணு வருசமாச்சு, ஆள வரச்சொல்றேன்" என்றார். அதன்பின் அவள் அவரிடம் அப்பேச்சை எடுக்கவில்லை. ஆள் வந்து துடைத்தெடுத்துவிடுவானோ என்ற அச்சம் அவளுக்கு.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. கீழறையில் கணினியின் முன் அமர்ந்திருப்பவள், நான்கு மணியானால் எதையாவது காரணமாக்கிக்கொண்டு மாடியேறினாள். எல்லா நாளும் வாசனை வருவதில்லை. வராத நாளில், தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக மனம் குமைவாள். இளைய மகள் தென்றல் பள்ளி முடிந்து மூன்றரைக்கு வந்து, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதில் ஹெட்ஃபோனுடன் இருப்பாள் என்பது மரகதத்தின் எண்ணம். பதினான்கு வயது, சிறு வயதிலிருந்தே மூச்சிரைப்பு. அவளைப் பயமுறுத்த வேண்டாமென்று அவளிடமும் ஒன்றும் கூறவில்லை. கடையில் மாம்பழக் கூழ் டின் ஒன்றை வாங்கிவந்து, வெண்பாவின் படத்தின் முன் கிண்ணத்தில் வைக்கத் தொடங்கினாள்.

அந்தப் படமும் மரகதமே தேர்ந்தெடுத்ததுதான். பள்ளியில் எடுத்த படம் போதுமென்று சபரிநாதன் கூறியும் அவள் கேட்கவில்லை. வெண்பா தன் கைப்பேசியில் எடுத்துப் பதிவிட்ட வீடியோவொன்றில், தலையைச் சற்றே சாய்த்து, கண்களைப் பாதி மூடி நிற்பாள். முகத்தைச் சுற்றி வெண்மேகம் சுருண்டு எழும். இக்காலத்துப் பிள்ளைகள் முகத்தில் முயற்காதும் பூனைமீசையும் ஒட்டிக்கொள்கிறார்களே, அதைப்போல இதுவும் ஒரு ஃபில்டர் என்று அவள் நினைத்தாள். தேவலோகத்தில் நிற்பவளைப்போல் இருக்கிறாள் என்று அழுதாள். அந்தக் காட்சியையே நிறுத்திப் படமாக்கி, சந்தன மாலை சாத்தி, கூடத்தில் மாட்டினாள். வந்தவர்களெல்லாரும் கைகூப்பி வணங்கினார்கள்.

வீடியோவின் இறுதியில் கீழிருந்து மரகதத்தின் அழைப்புக் கேட்கும். வெண்பா திடுக்கிட்டுத் திரும்பி, "ஒன் மினிட்மா!" என்பாள். அந்த ஒரு குரலுக்காக, மூலை உடைந்த மகளின் கைப்பேசியை மரகதம் இன்றளவும் சார்ஜ் இறங்காமல் வைத்திருந்தாள். நாள்தோறும் பத்துமுறை, இருபதுமுறை பார்ப்பாள். முகமறியாத பிள்ளைகள் பலர் அதைப்போலவே தலைசாய்த்து மேகம் விட்டு, வெண்பாவின் பெயரை எழுதித் தங்கள் வீடியோக்களைப் பதிவிட்டிருந்தார்கள். அஞ்சலி செலுத்துகிறார்கள் என்று நெஞ்சு நிறைந்து, ஒவ்வொன்றுக்கும் இதயக்குறி இட்டு, 'நன்றி கண்ணா, காட் பிளெஸ்' என்று தன் கைப்பட எழுதினாள்.

பெப்ருவரி இறுதியில் ஒரு வியாழக்கிழமை, மீட்டிங் ஒன்று ரத்தாகவே, மரகதம் மூன்றே முக்காலுக்கே மாடிக்குப் போனாள். வாசனை வருவதற்கு முன்னரே காத்திருக்க வேண்டுமென்பது அவள் எண்ணம். வெண்பாவின் மூடிய அறைக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. பிறகு மற்றொன்று.

கைப்பிடியைத் திருப்பினாள்.

சன்னலோரத்தில், வெண்பாவின் சாம்பல்நிற ஸ்வெட்டரில், வெண்பா நின்றுகொண்டிருந்தாள். தலை சாய்ந்திருந்தது, கண்கள் பாதி மூடியிருந்தன. உதடுகளிலிருந்து வெண்மேகம் சுருண்டெழுந்து முகத்தை மறைத்தது. அறை முழுவதும் மாம்பழம் மணத்தது. மரகதம் மகளின் பெயரைச் சொல்லியேவிட்டாள்.

மேகம் கலைந்தது. அங்கே நின்றவள் தென்றல். அழைப்பைக் கேட்டுப் பதறி உள்ளிழுத்தவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, இருமல் இரைப்பாயிற்று. முழங்காலிட்டுத் தரையில் விழுந்தாள். இழுத்த மூச்சு மார்புக்குள் இறங்காமல் தொண்டையில் விசில்போல் ஒலித்தது. மரகதம் அடுத்த அறைக்கு ஓடி இன்ஹேலரைக் கொண்டுவந்து வாயில் வைத்து, மகளை மடியில் சாய்த்துக்கொண்டு எண்ணினாள். உதட்டின் நீலம் நீங்க, நூற்றுக்கும்மேல் எண்ண வேண்டியிருந்தது.

தரையில் விரல்நீளத்தில் கறுப்பாக ஒன்று கிடந்தது. மரகதத்துக்கு அதைத் தெரியும். ஈராண்டுகளுக்கு முன் வெண்பாவின் பேன்ட் பையில் அகப்பட்டபோது, பென் டிரைவ் என்று கருதி, நனையாமல் துடைத்து மேசைமேல் வைத்தவளே அவள்தான்.

"ஸ்வெட்டர்ல அக்கா ஸ்மெல் போயிடுச்சும்மா" என்றாள் தென்றல், குரல் திரும்பியதும். "பில்லோல இல்ல, எங்கயுமே இல்ல. இத பண்ணா வருது."

"உனக்கு வீசிங் இருக்குன்னு தெரியாதா கண்ணு? இத யாரு சொல்லிக்குடுத்தா?"

மேசைமேல் சார்ஜில் கிடந்த, மூலை உடைந்த கைப்பேசியைத் தென்றல் சுட்டினாள். பின்பு தாயின் முகத்தைப் பாராமல் சொன்னாள்: "இட்ஸ் நாட் எ ஃபில்டர், அம்மா. ஹால்ல மாட்டியிருக்கியே, அதுவும்."

அந்த வெண்மேகம் வேப் என்னும் மின்சிகரெட்டின் புகை என்று மரகதத்துக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. மீதியைத் தென்றல் ஆங்கிலத்தில் துண்டுதுண்டாகக் கூறினாள். அக்காளின் வீடியோ தன் பள்ளியில் எல்லாருடைய கைப்பேசிக்கும் வருகிறது. நாள்தோறும் யாரோ அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் அது கீழே அமிழாமல் மேலே வந்துகொண்டேயிருக்கிறது. அந்த 'யாரோ' எவரென்று தனக்குத் தெரியும். மேகம் விடும் பிள்ளைகளில் மூவர் தன் வகுப்பினர். வெண்பாவின் அம்மாவே இதயம் போட்டார் என்று அவர்களுக்குப் பெருமை. சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "நீ டெய்லி அது முன்னாடி விளக்கு ஏத்துற. எப்படிம்மா சொல்வேன்?" என்றாள்.

அன்று மாலை சபரிநாதனிடம் எல்லாம் சொல்லப்பட்டது. பள்ளிப் படத்தை மாட்டலாம் என்று அன்றே கூறினேனே என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, மாலையைக் கழற்றிப் படத்தை இறக்கினார். நெடுநேரம் அதைக் கவிழ்க்க மனமின்றிக் கையில் வைத்திருந்தார்.

மரகதம் தான் இட்ட இதயங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். வீடியோவின் கீழே, 'நான் வெண்பாவின் அம்மா. இது ஃபில்டர் என்று நினைத்துவிட்டேன். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். மறுநாள் காலைக்குள் அதற்கு ஐந்நூறு இதயங்கள் விழுந்திருந்தன. முகமறியாப் பெண்ணொருத்தி அவ்வரிகளைத் திரையில் ஒட்டி, கண்ணீருடன், ஒரு மேகம் விட்டுப் பதிவிட்டிருந்தாள்.

அதைக் கண்டபின்னர்தான் வெண்பாவின் கணக்கையே அழித்துவிடுவதென்று முடிவாயிற்று. பொத்தானை அழுத்தியதும் ஓர் அறிவிப்பு வந்தது: முப்பது நாட்களுக்குள் திரும்ப உள்ளே நுழைந்தால் யாவும் மீளும், அதற்குப்பின் மீளாது. பிறர் எடுத்து வைத்துக்கொண்ட நகல்கள் எங்கேனும் இருக்கும் என்றாள் தென்றல். "வெளிய இருக்கறது இருக்கட்டும்" என்றாள் மரகதம். "இந்த வீட்டுலருந்து போகட்டும்." ஆனால் அந்த "ஒன் மினிட்மா" அவள் காதில் இருபத்தொன்பது நாட்களும் ஒலித்தது. இருமுறை கடவுச்சொல்லைப் பாதிவரை தட்டிவிட்டு, கைப்பேசியை அரிசி டின்னுக்குள் புதைத்தாள்.

தென்றலுக்கு மருத்துவரிடம் தொடர்ந்து ஆலோசனை நடந்தது. மூச்சின் வலுவை அளக்கும் ஊதுகுழல் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். மாலைதோறும் ஊதினாள். முள் மஞ்சளிலிருந்து மெல்ல மெல்லப் பச்சைக்கு ஏறியது.

முப்பதாம் நாள், வெண்பாவின் ஆண்டு நினைவுக்கு முந்தின நாள். மாலை நான்கு மணிக்கு மரகதம் மாடியேறினாள். கடைசிப் படியில் மாம்பழ வாசனை நின்றுகொண்டிருந்தது.

முன்பு இனித்த வாசனை இன்று அவளுக்கு அச்சமூட்டியது. நேரே தென்றலின் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்தது, தென்றல் கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மரகதம் ஊதுகுழலை நீட்டினாள். தென்றல் வாங்கி ஊதினாள். முள் பச்சையில் நின்றது. மரகதம் மகளின் விரல்களை முகர்ந்தாள். சோப்பும் பென்சிலும் மணத்தன.

"உனக்கும் வருதாம்மா?" என்று தென்றல் கேட்டாள்.

"எத்தன நாளா?"

"ரெண்டு நாளா. நான் இல்லம்மா. ப்ராமிஸ்."

மரகதம் மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பிறகு படிக்குத் திரும்பி வந்தாள். கெடு முடியும் நள்ளிரவுவரை இன்னும் எட்டு மணிநேரம் இருந்தது. அரிசி டின் கீழே, எட்டும் தொலைவில் இருந்தது. வாசனை அவளுக்கு மிக அருகில், தோளுயரத்தில், அழைப்புக்குக் காத்திருப்பதைப்போல் நின்றது.

"போ கண்ணு" என்றாள்.

அடுத்த சொல் பழக்கத்தால் தொண்டைவரை ஏறிவந்தது. மரகதம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் தென்றல் எழுந்துபோய்ச் சன்னலைத் திறக்கும் ஓசை கேட்டது.