தூணில்லாத கூடம்

பான் ஷௌரென் எதையும் எளிதில் நம்பிவிடக்கூடியவர் அல்லர். சந்தையில் ஒரு முட்டைக்கோஸ் வாங்குவதென்றாலும் புரட்டிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, கடைசியில் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவருக்கு, சீனாவின் ஹெஃபே நகரில் மகன் வீட்டுக்கு வந்திறங்கிய நாள் முதலே மனத்தில் ஒரு நெருடல் இருந்துவந்தது.

மகன் யீச்சோ கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் பொறியாளன். புத்தாண்டு வசந்த விழாவுக்கு ஊருக்கு வந்தபோது, தனக்குப் பதவி உயர்வு கிடைத்திருப்பதாக அறிவித்து உறவினர் அனைவருக்கும் மது ஊற்றினான். பதவி உயர்ந்தவன் எதற்காகக் காலைதோறும் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறான்? நிறுவனத்தில்தான் இலவச உணவகம் இருக்கிறதே! மருமகள் லான்யிங்கோ இதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. குழந்தை பள்ளியில் சேரவிருப்பதால், கணவனின் உயர்ந்த சம்பளத்தை நம்பி, மருந்துக்கடை வேலையை விட்டுவிடத் தீர்மானித்திருந்தாள். அன்று மதியம் முதலாளியிடம் சொல்லிவிடுவதாக ஏற்பாடு.

யீச்சோ உருவாக்கத்தில் பங்கேற்ற ஏரிக்கரை நூலகத்தைப் பார்க்க வேண்டும் என்று பெரியவர் இருமுறை கேட்டிருந்தார். இருமுறையும் மகன், "அங்க என்னப்பா இருக்கு, வெறும் கூட்டம்" என்று தட்டிக்கழித்தான். அதுவும் நெருடவே, அன்று காலை அவர் தனியாகவே பேருந்து ஏறினார்.

புளித்துப் பொங்கிய மாவைக் கவிழ்த்து வைத்தாற்போல் வெள்ளை வெளேரென்று நின்றது நூலகம். உள்ளே பரந்த கூடம்; நடுவில் ஒரு தூண்கூட இல்லை. புத்தக அடுக்குகள் படிப்படியாகக் கூரை வரை ஏறின. இவ்வளவு அழகாக இருந்தால் எங்கோ ஒரு குறை இருந்தே தீரும் என்று எண்ணியவராய், அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே வெற்றிடமாய்ப் பொள்ளென்று ஒலித்தது.

"பெரியவரே, அதென்ன தர்பூசணியா? தட்டாதீங்க" என்றாள் காவலுக்கு நின்ற பெண்.

"தூணே காணோமேம்மா. கூரை எதுல நிக்குது?"

"எனக்கென்ன தெரியும்? தொறந்த நாள்லேருந்து நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. உங்களுக்காக விழவா போகுது?"

"அவ்வளவு ஒசரத்துல இருக்கற புத்தகத்த எப்படி எடுப்பாங்க?"

"எடுக்க மாட்டாங்க. அது புத்தகம் இல்ல, தகடு. புத்தகம் மாதிரி அச்சடிச்சு ஒட்டியிருக்கு."

"பாத்தியா! நெனச்சேன்!" பெரியவரின் முகத்தில் அன்றுதான் முதன்முறையாக மகிழ்ச்சி தெரிந்தது. சன்னலோரமாகத் தேய்த்த சட்டையும் மடிக்கணினியுமாக வரிசையில் அமர்ந்திருந்தவர்களைக் காட்டி, "இவங்களாவது நெசமாப் படிக்கறாங்களா, இவங்களும் அலங்காரமா?" என்றார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவங்க 'ஆபீசுக்கு' வந்திருக்காங்க. வேலை போச்சு, வீட்ல சொல்லல. கதவு தொறக்கறப்ப வருவாங்க, ஆபீஸ் விடற நேரத்துக்குக் கெளம்புவாங்க. சாப்பாடுகூடக் கட்டிக்கிட்டு வந்துடுவாங்க. பாவம், நாங்களும் கண்டுக்கறதில்ல."

சாப்பாடு என்ற சொல் பெரியவரைச் சுருக்கென்று தைத்தது. அவர் அந்த வரிசையை நோக்கி நடந்தார். ஒவ்வொரு பிடரியாகப் பார்த்துக்கொண்டே போனவர், கடைசிக்கு முந்தைய நாற்காலியின் பின்னால் நின்றுவிட்டார். தம் மகனின் பிடரியை அடையாளம் காண அவருக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

"யீச்சோ."

திரும்பியவனின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்பா... மெதுவாப் பேசுங்கப்பா."

"எப்பலேருந்து?"

"குளிர்காலத்துலேருந்து. யாரும் புதுசா கட்டடம் கட்டலப்பா. பாதிப் பேர அனுப்பிட்டாங்க."

"அப்ப பதவி உயர்வு?"

"வேலை எப்படிப் போகுதுன்னு சித்தப்பா எல்லார் முன்னாலயும் கேட்டாரு. வாயில வந்துடுச்சு."

"சுவரு பொள்ளல். புத்தகம் தகடு. மகன் சொன்னதும் பொய். கூரையாவது நெசமாடா?"

யீச்சோ சட்டென்று நிமிர்ந்தான். "கூரை நெசம்ப்பா. அதுல இருக்கற ஒவ்வொரு எஃகுச் சட்டத்துக்கும் நான்தான் கணக்குப் போட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க, அதச் சொல்லாதீங்க."

பெரியவர் அண்ணாந்து பார்த்தார். இம்முறை எதையும் தட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

அப்போது அவருடைய கைப்பேசி ஒலித்தது. லான்யிங்.

"எங்க மாமா போயிட்டீங்க? அவரு ஃபோனையே எடுக்கல, மீட்டிங்ல இருப்பாரு. நான் முதலாளி அறை வாசல்ல நிக்கறேன். சொல்லிடட்டுமா?"

தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாமென்று மகன் கைகூப்பாத குறையாகத் தலையை இடவலமாக அசைத்தான். 'சரிம்மா' என்ற ஒரு சொல் போதும், அன்றைய பொழுது கழிந்துவிடும். அந்தச் சொல் பெரியவரின் தொண்டை வரை வந்தது. அவர் அதை விழுங்கிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் இரும்மா. உள்ள போகாத" என்றவர், கைப்பேசியை மகனிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு."

யீச்சோ அதை வாங்க நெடுநேரம் எடுத்துக்கொண்டான். வாங்கியபோது வரிசையில் இருந்த மற்ற சட்டைக்காரர்கள், ஏதோ தங்களுக்கே அழைப்பு வந்துவிட்டதைப் போல, தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"லான்யிங்," என்றான். "வேலைய விட்டுடாத. நான் நூலகத்துல இருக்கேன்."